மீர்கேட்டைத் தியாகி ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஆப்பிரிக்கக் கீரி வகையான மீர்கேட் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். சிங்கம், புலி, யானையைத் தாண்டி இப்படி ஒரு பிராணிக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இடம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்து முடித்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. தன் உயிரைக் கொடுத்துக் கூட்டத்தைக் காக்கும் காவல்காரன் என்கிறது கட்டுரை, பொறாமையே தெரியாத கூட்டுக்குடும்பம் என்கிறது, கடைசியில் மனிதர்கள் இவற்றின் காலில் விழுந்து பாடம் படிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போய்விடுகிறது. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி இந்தக் கட்டுரையை அப்படியே வாசித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் மேல் தப்பில்லை, பத்திரிகையில் வந்ததைத்தானே வாசித்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

முதலில் இடம். ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மீர்கேட்டுக்கும் அடர்ந்த காட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, அங்கோலாவின் தென்மேற்கு மூலை, இவ்வளவுதான் அதன் உலகம், அதுவும் மணலும் காய்ந்த புல்லும் அங்கங்கே முள்மரமும் இருக்கிற வறண்ட பொட்டல். கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர் வேலியோரம் ஓடும் கீரிக்குச் சொந்தம்தான், ஆனால் நம்மூர்க் கீரி பெரும்பாலும் தனியாகத் திரியும், இது கூட்டமில்லாமல் பிழைக்காது. உடம்பு முக்கால் கிலோ தேறுவதே கஷ்டம்.

இவற்றைப் பற்றி இன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், போட்ஸ்வானா எல்லைக்குப் பக்கத்தில், வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீரே ஓடாத குருமான் ஆற்றையொட்டிய கலஹாரிப் பாலைவன மணலில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிம் க்ளட்டன்-பிராக் 1993இல் ஒரு ஆய்வைத் தொடங்கினார். முப்பது வருஷம் தாண்டியும் அது நடக்கிறது, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு மீர்கேட்டுக்கும் ஜாதகம் மாதிரி பதிவு இருக்கிறது. அடையாளத்துக்கு முடியில் சாயத்தால் சின்னச் சின்னப் பொட்டு வைத்திருப்பார்கள். காலையில் வளையை விட்டு வெளியே வந்து, முடி குறைவான கருத்த வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே தராசைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அவித்த முட்டையில் ஒரு துணுக்கைக் காட்டினால் போதும், அதுவே ஏறி நிற்கும். மதியம் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை. அதாவது அந்தச் சின்ன உடம்பு அன்றைக்கு எத்தனை கிராம் ஏறியது, எத்தனை கிராம் இறங்கியது என்பது வரை கணக்கு இருக்கிறது. தியாகக் கதையைக் கவிழ்த்ததே இந்த எடைக் கணக்குதான்.

காவல் விஷயத்துக்கு வருகிறேன். மீர்கேட்டின் தீனியெல்லாம் மண்ணுக்குள் கிடப்பவை: வண்டு, புழு, தேள், சின்னப் பல்லி. தலையை உள்ளே விட்டுத் தோண்டினால்தான் கிடைக்கும், தோண்டும் நேரத்தில் தலைக்கு மேலே கழுகு வந்தால்கூடத் தெரியாது. அதனால் ஒன்று மட்டும் புதர் மேலோ கரையான் புற்று மேலோ ஏறிப் பின்னங்காலில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாப் படத்திலும் வரும் போஸ் அதுதான். மற்றவர்கள் சாப்பிட, பாவம் ஒன்று மட்டும் பட்டினியாக ஆபத்தான இடத்தில் நிற்கிறதே என்று பார்க்கிறவருக்குத் தோன்றும், ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 1999இல் க்ளட்டன்-பிராக் குழு சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. 2000 மணி நேரத்துக்கு மேல் கூடவே இருந்து பார்த்ததில், காவலுக்கு நின்ற ஒன்றைக்கூட எந்த வேட்டை மிருகமும் அடித்துக்கொண்டு போகவில்லை. காவல்காரர் நிற்பது பெரும்பாலும் ஒரு பொந்து வாசலுக்குப் பக்கத்திலேயே. ஆபத்தை முதலில் பார்ப்பதும் அவர்தான், முதலில் உள்ளே பாய்வதும் அவர்தான்.

அதைவிட முக்கியம், யார் மேலே ஏறுகிறார்கள் என்பது. வயிறு நிறைந்தவர் ஏறுகிறார். சோதித்துப் பார்க்க ஒரு மீர்கேட்டுக்குக் கூடுதலாக முட்டை கொடுத்தார்கள், அது வழக்கத்தைவிட அதிக நேரம் காவலுக்கு நின்றது. காக்கிறதற்கு யாருமே இல்லாமல் தனியாகத் திரியும் மீர்கேட்கூட நடுநடுவே உயரத்தில் ஏறிப் பார்க்கிறது. ஷிஃப்ட் போட்டு முறைவைத்து மாறுகின்றன என்று கட்டுரையில் இருப்பதும் சரியில்லை, ஒன்று இறங்கினால் பசி தீர்ந்த இன்னொன்று ஏறும், அட்டவணை எதுவும் கிடையாது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால் முதல் சத்தம் அவருடையதுதான், ஆனால் உயிரை விடுவதற்கென்று அவர் அங்கே போய் உட்காரவில்லை. இதனால் கூட்டத்துக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. காவலுக்கு நிற்பது மெல்லிய குரலில் விடாமல் ஏதோ முனகிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் கேட்கிறவரை கீழே இருப்பவை நிமிர்ந்து பார்க்காமல் தோண்டும்.

சத்தம் என்றதும் இன்னொன்று, கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. சூரிச் பல்கலைக்கழகத்தின் மார்ட்டா மான்சர் பல வருஷம் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்து கண்டுபிடித்தது: கழுகுக்கு ஒரு குரல், நரி மாதிரித் தரையில் வருவதற்கு ஒரு குரல், பாம்பைக் கண்டால் எல்லாரையும் கூப்பிட ஒரு குரல். குரலிலேயே அவசரம் எவ்வளவு என்பதும் இருக்கும். பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினால், பாம்பே இல்லாத இடத்திலும் வாலைத் தூக்கி முடியைச் சிலிர்த்துக்கொண்டு கூடிவிடுகின்றன. காலையில் இந்த இடத்தில் தோண்டியது போதும், கிளம்பலாம் என்பதற்கும் ஒரு குரல் உண்டு. ஒருவர் மட்டும் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னால் கூட்டமே நகரும். நம் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்கு இந்த விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், சரி, அது வேறு விஷயம்.

இந்தக் குரலை வைத்துப் பிழைக்கிற திருடனும் அங்கே உண்டு. நம்மூரில் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி, கரிச்சான் என்றும் சொல்வோமே, அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று கலஹாரியில் இருக்கிறது. மீர்கேட் கூட்டத்தின் பின்னாலேயே மரத்துக்கு மரம் வரும். உண்மையாகவே கழுகு வரும்போது கத்தும், அதனால் மீர்கேட்டுகளுக்கும் அதன் மேல் ஒரு நம்பிக்கை. அப்புறம் ஒரு மீர்கேட் கொழுத்த புழு ஒன்றைத் தோண்டி எடுத்த நேரம் பார்த்து, எதுவுமே வராதபோது அதே கூச்சல். மீர்கேட் புழுவைப் போட்டுவிட்டு ஓடும், இவர் இறங்கி எடுத்துக்கொள்வார். திரும்பத் திரும்ப ஒரே குரலில் ஏமாற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று குரலை மாற்றி மாற்றிப் போடுகிறது, மீர்கேட்டின் எச்சரிக்கைக் குரலையே மிமிக்ரி செய்கிறது. டாம் ஃபிளவர் என்ற ஆய்வாளர் இதே இடத்தில் இதைப் பதிவு செய்து 2014இல் வெளியிட்டார். இதைப் போட்டிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ரசித்திருப்பார்கள்.

இப்போது அந்தப் பொறாமையே தெரியாத குடும்பம். மீர்கேட் கூட்டம் என்றால் சாதாரணமாகப் பத்திருபது பேர், சில கூட்டம் நாற்பது ஐம்பது வரைக்கும்கூடப் போகும். அதில் ஒரு பெண் தலைவி. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அவளுடையவை. மற்றப் பெண்கள், அதாவது பெரும்பாலும் அவள் மகள்களும் தங்கைகளும், குட்டி போட்டால் என்ன ஆகும்? பல சமயம் தலைவி அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடுவாள். தன் பிரசவம் நெருங்கும்போது, கூட்டத்தில் வயதுக்கு வந்த மற்றப் பெண்களைக் கடித்துத் துரத்தி கூட்டத்தை விட்டே வெளியே தள்ளிவிடுவாள். துரத்தப்பட்டவள் கூட்டத்தின் ஓரத்திலேயே பயந்து பயந்து சுற்றுவாள், உடம்பில் மன அழுத்த ஹார்மோன் ஏறும், எடை குறையும், வயிற்றில் கரு இருந்தால் அது கலைந்துபோகவும் வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் சாணத்தில் ஹார்மோன் அளந்து நிரூபித்திருக்கிறார்கள். தலைவி ஏன் அவ்வளவு பயப்படுகிறாள் என்று கேட்டால், பயம் நியாயமானதுதான். கருவுற்றிருக்கும் மகளும் வாய்ப்புக் கிடைத்தால் தலைவியின் குட்டிகளைக் கொல்கிறாள். இரண்டு பக்கமும் கை சுத்தமில்லை.

சில வாரம் கழித்துத் துரத்தப்பட்டவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், அவளும் வந்து, தன் குட்டி போன பிறகும் தலைவியின் குட்டிகளுக்குப் பால் கொடுப்பாள். படிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்கிறது. ஆனால் இதை அன்பு என்றோ கொடுமை என்றோ பெயர் வைத்துப் பெட்டியில் அடைப்பதற்கு முன்னால், அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பார்க்க வேண்டும். கலஹாரியில் தனியாக நிற்கும் பெண் மீர்கேட்டின் ஆயுள் அதிகம் இல்லை.

2016இல் நேச்சர் இதழில் ஹோஸே மரியா கோமெஸ் தலைமையில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஒப்பீடு வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களில், சொந்த இனத்தாலேயே கொல்லப்படுவது எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். முதலிடம் யாருக்கு? சிங்கத்துக்கு இல்லை, ஓநாய்க்கு இல்லை, மனிதனுக்கும் இல்லை. மீர்கேட்டுக்கு. சாவுகளில் ஏறத்தாழ 20 சதவீதம் சொந்த இனத்தின் கையால், பெரும்பாலும் குட்டிக் கொலை. பக்கத்துக் கூட்டத்தோடு எல்லைத் தகராறு வந்தாலும் சாவு விழும். வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி, காலை விறைப்பாக வைத்துத் துள்ளித் துள்ளி இரண்டு படையும் நெருங்கும். தோற்ற கூட்டத்தின் வளைக்குள் புகுந்து குட்டிகளைக் கடித்துப் போடுவதும் உண்டு. நம் காலை வழிபாட்டில் கைதட்டல் வாங்கிய பிராணி இதுதான்.

பதவிப் போட்டி எந்த அளவுக்கு என்றால், அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதே 2016இல் நேச்சரில் வந்ததுதான். ஒரு கூட்டத்தில் அடுத்தடுத்த வயசுச் சகோதரிகள் இருந்தால், தலைவிக்குப் பிறகு அந்த இடம் பொதுவாக மூத்தவளுக்கு, அல்லது எடை கூடியவளுக்கு. இளையவளுக்கு மட்டும் தினமும் கூடுதலாக முட்டை கொடுத்து வளர்த்தார்கள். அவள் எடை ஏறுவதைப் பார்த்த மூத்தவள், முட்டை எதுவும் கிடைக்காதபோதும், தானாகவே அதிகம் தேடித் தின்று எடையை ஏற்றிக்கொண்டாள். தங்கை எவ்வளவு பெருக்கிறாள் என்று அக்கா கவனித்துக்கொண்டே இருக்கிறாள் என்றுதானே இதற்கு அர்த்தம்? சகோதரர்களுக்குள்ளும் இதே கதைதான்.

இவ்வளவும் சொன்னதால் நான் மீர்கேட்டுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். கட்டுரையாளர் தியாகத்தைத் தேடிய இடம்தான் தப்பு. உண்மையிலேயே உடம்பை வருத்திச் செய்யும் வேலை வளைக்குள் நடக்கிறது. குட்டி பிறந்து முதல் மூன்று நான்கு வாரம் கூட்டம் இரை தேடப் போகும்போது ஒன்றோ இரண்டோ வளையிலேயே குட்டிக் காவலுக்குத் தங்கிவிடும். அன்றைக்கு முழுக்க அதற்குச் சாப்பாடு கிடையாது. ஒரே நாளில் உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும், அதே நாளில் வெளியே போனவை கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் ஏற்றிக்கொண்டு திரும்பும். பெற்றவள் இந்த வேலையை அதிகம் செய்வதில்லை, சாப்பிட்டுப் பால் ஊற வேண்டுமே. செய்வது மற்றவர்கள். இங்கேயும் முட்டைச் சோதனை செய்தார்கள்: வயிறு நிறைந்தவை அதிக நாள் தங்கின. குட்டிக்கு நெருங்கிய ரத்த சம்பந்தம் உள்ளவைதான் அதிகம் உழைக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை, தூரத்துச் சொந்தமும் அதே அளவு செய்கிறது. ஆளுக்கு ஆள் மாறுவதற்கு முக்கியக் காரணம் அவரவர் உடம்பில் இருக்கிற தெம்பு. கூட்டம் பெருத்தால் எல்லாரும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பது பின்னால் இருக்கும் காரணங்களில் ஒன்று என்கிறார்கள்.

நான் மிகவும் ரசிப்பது, கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது, தேள் பாடம். கலஹாரித் தேள்களில் மனிதனையே சாகடிக்கும் விஷம் உள்ளவையும் உண்டு. பெரிய மீர்கேட் ஒரு நொடியில் வாலைக் கடித்துக் கொடுக்கைத் துண்டித்துவிட்டுச் சாப்பிடும். ஒரு மாதக் குட்டிக்கு அது எப்படித் தெரியும்? சின்னக் குட்டியிடம் பெரியவர்கள் தேளைக் கொன்றுதான் கொடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் உயிரோடு, ஆனால் கொடுக்கைப் பிடுங்கிவிட்டு. இன்னும் வளர்ந்தால் முழுசாக, கொடுக்கோடு. கொடுத்துவிட்டுப் போய்விடுவதும் இல்லை, பக்கத்திலேயே நின்று பார்க்கும், தேள் தப்பி ஓடினால் பிடித்துக் கொண்டுவந்து மறுபடி குட்டி முன்னால் போடும், குட்டி தயங்கினால் மூக்கால் தேளை அதன் பக்கம் தள்ளிவிடும்.

அலெக்ஸ் தார்ன்டன், கேத்ரின் மெக்காலிஃப் இருவரும் 2006இல் சயின்ஸில் இதை வெளியிட்டபோது ஒரு வேடிக்கையையும் காட்டினார்கள். குட்டியின் வயசைப் பெரியவர்கள் கணக்கிடுவது அது பசிக்குக் கத்தும் குரலை வைத்துத்தான். குட்டிகள் சின்னதாக இருக்கும் கூட்டத்தில் வளர்ந்த குட்டியின் குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள், பெரியவர்கள் உயிருள்ள இரையை அதிகமாகக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் பலிக்கிறதா என்றும் பார்த்தார்கள். சில குட்டிகளுக்கு மூன்று நாள் கொடுக்கு எடுத்த உயிர்த் தேள், சிலவற்றுக்குச் செத்த தேள், சிலவற்றுக்கு வெறும் முட்டை. நான்காம் நாள் எல்லாவற்றுக்கும் உயிருள்ள தேள் கொடுத்தபோது, பழகியிருந்த குட்டிகள்தான் நன்றாகச் சமாளித்தன. மனிதனைத் தவிர வேறு மிருகம் சொல்லிக் கொடுக்கிறது என்பதற்குச் சோதனையோடு கிடைத்த ஆரம்ப ஆதாரங்களில் இது ஒன்று. வாத்தியார் என்கிற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அந்த மாணவியின் வகுப்புக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். குட்டிக் கொலை வரை வந்ததும் முகம் சுளித்தார்கள், தேள் பாடத்தில் கண் விரிந்தது, கடைசியில் கேள்வி மேல் கேள்வி, பெல் அடித்தும் விடவில்லை. பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்க முடியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உங்களிடம் இடம் இருக்கிறது, எழுதவும் ஆள் இருக்கிறார்கள். கலஹாரியில் வெயில் கூடக் கூடக் குட்டிகள் எடை ஏறாமல் தவிப்பதும், மீர்கேட் கூட்டங்களில் காசநோய் பரவுவதும் பற்றி இன்னொரு வாரம் எழுதச் சொல்லலாமே.

வீட்டில் வளர்க்கலாம் என்று பொருள்படும் அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தோண்டி, குரல் கொடுத்து, கூட்டத்தோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும் பிராணியை ஒற்றையாக ஒரு ஹாலில் வைத்தால் அதற்கும் நரகம், பல்லும் நகமும் இருப்பதால் வைத்திருப்பவருக்கும் நரகம். ஆய்வாளர்களின் தராசில் ஏறுகிறது என்றால் முட்டைக்காக ஏறுகிறது, யாருக்கும் செல்லமாகிவிடவில்லை.

அப்புறம் ஒன்று. கட்டுரைக்குக் கீழே வலது பக்கம் போட்டிருக்கும் படத்தில் இருப்பது மீர்கேட்டே இல்லை, பிரெய்ரி நாய். வட அமெரிக்காவில் இருப்பது, அணில் குடும்பம், புல் தின்கிற பிராணி. அதுவும் பின்னங்காலில் நிற்கும் என்பதால் குழப்பம் வந்திருக்கும். மீர்கேட்டுக்குக் கண்ணைச் சுற்றிக் கருப்பு வட்டம் இருக்கும், மூக்கு கூராக இருக்கும், வால் மெலிந்து நுனியில் கருத்திருக்கும். அடுத்த வாரம் சரியான படம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
விருதுநகர்